கதை முடியட்டும், வாறேன்

பத்தரைக்கு வரச் சொன்னால் பத்து இருபத்தஞ்சுக்குப் போங்க, அதுக்கு முந்திப் போனா வேலைக்குத் தவிக்கிற ஆள்னு நினைப்பாங்கப்பா என்று ஜெனிட்டா படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினாள், தவிக்கிற ஆள்தானே என்று நான் சொல்லவில்லை, மகளிடம் சொல்லுகிற விஷயமா அது, ஆனால் இந்தக் கனடா ஊரில் பஸ் மணிக்கு ஒன்றுதான், அதனால் ஒன்பது ஐம்பதுக்கே இந்த அலுமினிய பெஞ்சில் வந்து உட்கார்ந்தாயிற்று. எதிரே ஐஸ். தூத்துக்குடியில் முப்பத்தொரு வருஷம் நான் செய்ததெல்லாம் நிற்கிற ஐஸ், இடுப்புயரப் பார்கள், லாரியில் ஏறி, கிரஷரில் நொறுங்கி, சாளைக்கும் சீலாவுக்கும் மேலே கிடந்து உருகிச் சாகிற ஐஸ். இது படுத்துக் கிடக்கிற ஐஸ், ஒரு மீனையும் பார்க்காத ஐஸ், இதன் மேல் ஆட்கள் வழுக்கிக்கொண்டு போவதற்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு மெஷின், மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று ஒரு விளம்பரம், அந்த ஆள் நானாக இருக்கவேண்டும் என்று மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி. காலையில் இது அறுபது தாண்டினவர்களுக்கான நேரமாம். பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோவில் சுற்றுகிற மாதிரி, இத்தோடு பதினோராவது சுற்று. எனக்கு அறுபதாக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஐஸின் மேல் லேசாக ஒரு வெள்ளைப் படலம் நிற்கிறது, ஒரு டிகிரி கூட வைத்திருக்கிறார்கள், மிச்சம் பிடிக்கிறார்கள் போல. சுவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் ஓடுகிறது, மூணாவது சிலிண்டரில் வால்வு தட்டுகிறது, மெதுவாகத்தான், தெரிந்தவனுக்குத்தான் கேட்கும், இரண்டு வருஷமாக எந்தச் சுவருக்குப் பின்னாலும் எதுவும் ஓடாத வீட்டில் படுத்து எழுந்தவனுக்கு நன்றாகவே கேட்கும். ஊரிலிருந்து இராயப்பன் இரண்டு மாசத்துக்கு முன்னால் போனில் கேட்டான், அங்க என்னண்ணே வேலை என்று. இந்த ஊர் ஏரியை உறைய வைக்கிறதே நான்தான்டே, நவம்பர் பதினஞ்சாம் தேதி ஒரு வால்வைத் திறந்துவிட்டா ஏரி முழுக்க வெள்ளை என்று சொன்னேன். அப்ப மார்ச்சுல யாரு மூடுவா என்று கேட்டான். அது வேற ஷிப்ட்டு என்றேன். நம்பிவிட்டான், நம்பவில்லையென்றாலும் சிரித்தான், இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

இது ஏழாவது இடம். இதுவும் இல்லையென்றால் இனி எங்கேயும் கேட்டுப் போகமாட்டேன் என்று வீட்டுக்காரி மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டேன், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்து, வெங்காயம் உரித்து, சோபாவில் உட்கார்ந்து செத்துப்போகிறேன் என்று. வெங்காயம் இப்பவே உரிக்கலாமே என்றாள் அவள். அவளுக்கு வந்து மூணாம் மாசமே முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் வேலை கிடைத்துவிட்டது, இங்கிலீஷ் என்னைவிடக் குறைவு, வாயும் என்னைவிடக் குறைவு, அதனால்தான் கிடைத்தது என்று அவள் சொல்லுகிறாள். எனக்கு என்ன குறை, இந்த ஊர்ப் பரீட்சையும் எழுதி, இரண்டு தடவை தோற்று மூணாவது தடவை பாஸாகி, குளிர்சாதன மெஷினை ஓட்டலாம் என்று முத்திரை குத்தின சீட்டு வைத்திருக்கிறேன், இருந்தும் மீன் கிடங்கு, இறைச்சிக் கம்பெனி, பால் கம்பெனி, உருளைக்கிழங்குக் கிடங்கு, இதே மாதிரி இரண்டு ஐஸ் மைதானம், ஆறு இடத்திலும் சிரித்த முகமாகக் கைகொடுத்து அனுப்பினார்கள். ஏன் என்று ஜெனிட்டாதான் கண்டுபிடித்தாள், போன ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சாப்பாட்டு மேஜையில் அவளே அதிகாரியாக உட்கார்ந்து என்னை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டபோது. நீங்க வேலையில செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, முப்பத்தொரு வருஷத்துல ஒரு தப்பும் செஞ்சதில்ல மேடம் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. ஆறு இடத்துலயும் இதைத்தான் சொன்னியளா. வேற என்ன சொல்ல, வேலை கேட்டுப் போற இடத்துல எவனாவது நான் தப்பு செஞ்சவன்னு சொல்லுவானா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கப் போய் எனக்கு வலிப்பு வரும்னு சொல்ற மாதிரி இருக்கே. அப்பா, இங்க அப்படியில்லப்பா, தப்பே செய்யலன்னு சொன்னா பொய் சொல்றிய, இல்லாட்டி உங்க தப்பு உங்களுக்கே தெரியாத ஆளுன்னு அர்த்தம், அவங்களுக்குத் தப்பு வேணும், அதுலேருந்து என்ன கத்துக்கிட்டியன்னு வேணும். உள்ளிருந்து மெற்றில்டா, தப்புக்கா பஞ்சம், என்கிட்ட கேட்டா பத்துப் பக்கம் எழுதித் தருவேன் என்றாள். ஜெனிட்டா சிரிக்கவில்லை. சின்னத் தப்பா சொல்லுங்கப்பா. பெரிசு வேண்டாம். யாருக்கும் அடிபடாத தப்பு.

யாருக்கும் அடிபடாத தப்பு. பச்சை ஸ்வெட்டர் பன்னிரண்டாவது சுற்று. அதைத் தேடத்தான் நாலு நாளாக மண்டைக்குள் அலைந்தேன். முதலில் செருப்புக் கதையைச் சொல்லிப் பார்த்தேன், முதலாளியின் புதுச் செருப்பு ஐஸ் உறையவைக்கிற தகரக் கேனுக்குள் விழுந்து, பாரோடு பாராக உறைந்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்த மாதிரி கொச்சிக்கு லாரியில் போய், அங்கே ஒரு ஹோட்டல்காரன் அதை வாசலில் நிறுத்திவைத்து, பார்க்க வந்தவர்களால் வியாபாரம் பெருகி, கடைசியில் செருப்பைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொன்ன கதை. ஜெனிட்டா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள், முடிந்ததும், செருப்பு வேண்டாம்ப்பா என்றாள். சரி, ஒரு கேன் சரியாக உறைவதற்கு முன்னால் எடுத்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்த இரண்டாவது வரியிலேயே கேனுக்குள்ளிருந்து ஒரு விலாங்கு எட்டிப் பார்த்தது, நான் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது, என் வாயில் கதை அப்படித்தான், பாதையில் போகிறவனை எல்லாம் ஏற்றிக்கொள்ளும். கடைசியில் அவளே ஒன்றைச் செய்து கொடுத்தாள், ரெடிமேட். ஒரு நாள் ஒரு மணி நேரத்து டிகிரியை லாக் புத்தகத்தில் எழுத மறந்துவிட்டேன், அடுத்த ஷிப்ட் ஆள் குழம்பிவிட்டார், அதிலிருந்து உடனுக்குடன் எழுதிவைப்பதன் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷில் நாலு வரி. நாலு வரியில் விலாங்குக்கு இடமில்லை. பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொண்டே வந்தேன், நன்றாகத்தான் வந்தது, ஆனால் லாக் புத்தகம் என்று சொல்லும்போதெல்லாம் அந்த நீளப் புத்தகம் கண்ணுக்கு முன்னால் விரிகிறது, ஊதா அட்டை, உப்புத்தண்ணி பட்டு ஊறின ஓரம், விரிகிற பக்கம் எப்போதும் ஒரே பக்கம், பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணிக்கு எழுதியிருக்கிறது, ஒரு மணிக்கு எழுதியிருக்கவில்லை, இரண்டு மணிக்கும் இல்லை. அந்த ஒரு மணி என் கையெழுத்து வரவேண்டிய இடம். ஜெனிட்டாவுக்கு இது தெரியாது. அவளாகச் செய்த பொய் எப்படி இந்தப் பக்கத்தில் வந்து விழுந்தது என்று எனக்கும் தெரியாது.

குளிர் பெஞ்சிலிருந்து ஏறுகிறது, மருமகன் கொடுத்த கோட்டு எனக்கு முழங்கால் வரைக்கும் வருகிறது, ஆனாலும் உட்காருகிற இடத்தில் குளிர், எனக்குக் குளிர் புதுசா, மைனஸ் பத்தில் உப்புத்தண்ணித் தொட்டியின் மேல் வெறுங்காலோடு நடந்தவன், ஆனால் அது வெளியே வந்தால் மே மாசம் காத்திருக்கிற குளிர். இங்கே ஒன்றுக்கும் மணம் இல்லை. ரப்பர் விரிப்பு, யாரோ வாங்கின காபி, அவ்வளவுதான். சுவரில் ஒரு சின்னப் பெட்டி, பச்சை விளக்கு, அமோனியா கசிந்தால் சிவப்பாகிக் கத்துமாம். அதுதான் இந்த ஊர் மூக்கு, சுவரில் மாட்டியிருக்கிறார்கள். என் மூக்கு தூத்துக்குடியில் பேர்போனது, பேர் வாங்கிக் கொடுத்தவனும் நானே. இடது மூக்கு அரித்தால் வால்வு, வலது மூக்கு அரித்தால் பைப்பு, இரண்டும் அரித்தால் முதலாளி என்று சொல்லுவேன். மணப்பாட்டுக் கல்யாணக் கதை தெரியாதவன் எங்கள் கம்பெனி வாசலில் லாரி நிறுத்தினதில்லை. மணப்பாட்டில் ஒரு கல்யாணம், பந்தியில் உட்கார்ந்து பிரியாணியில் முதல் கை வைக்கிறேன், இடது மூக்கு அரிக்கிறது, அறுபது கிலோமீட்டர் தள்ளி நம்ம கம்பெனியில் வால்வு கசிகிறது என்று தெரிந்துவிட்டது, கையைக் கழுவாமல் பஸ் ஏறுகிறேன், திருச்செந்தூர் தாண்டுகிறது, மூக்கு பஸ்ஸைவிட முன்னால் போகிறது, டிரைவரிடம் சொல்கிறேன், அண்ணாச்சி மிதிங்க, ஒரு ஊரே மயங்கப் போகுது என்று, ஆத்தூர் பாலம் வருகிறது, பாலத்துக்குக் குறுக்கே ஒரு வாழைத்தார் லாரி மல்லாந்து கிடக்கிறது. அங்கேதான். அந்தப் பாலத்தில்தான் அந்தக் கதை நிற்கிறது. அன்றைக்கு அதைத் தேனிப் பக்கத்து லாரிக்காரர்கள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், புது ஆட்கள், வாயைப் பிளந்து கேட்டார்கள், ஒருத்தன் பீடியைப் பற்றவைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தான், அதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும், வாழைத்தார் லாரியைத் தாண்டி எப்படிப் போகப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, சொல்லிக்கொண்டே போனால் வழி வரும், எப்பவும் வரும். அப்போதுதான் என்னோடு மெஷின் பார்த்த கித்தேரியான் வாசலில் வந்து நின்றான்.

பச்சை ஸ்வெட்டர் பதினாறு, இல்லை பதினேழு. எண்ணுவதை விட்டுவிட்டேன். லாக் புத்தகம், நாலு வரி, முக்கியத்துவம். கித்தேரியான் கையில் அந்த எண்ணெய் வாளி. மெஷினுக்குப் போடுகிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக அமோனியாவோடு போய்த் தொட்டிகளின் அடியில் தங்கிவிடும், வாரம் ஒரு தடவை அடியில் இருக்கிற சின்ன வால்வைத் திறந்து இறக்கவேண்டும், விளக்கெண்ணெய் மாதிரி மெதுவாக வரும், வரும், வந்துகொண்டே இருக்கும், எண்ணெய் முடிந்த அடுத்த நொடி அமோனியா பீய்ச்சும், அந்த ஒரு நொடிக்காகத்தான் இரண்டு பேர். ஒருத்தன் குனிந்து திறப்பான், இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னால் நிற்பான், ஒரு கை மேலே இருக்கிற பெரிய வால்வில், ஒரு கை குனிந்தவன் தோளில். மெஷின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது, தோளை அழுத்தினால் மூடு என்று அர்த்தம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம், எங்கள் கம்பெனியில் எனக்கு முந்தினவர்கள் வைத்தது, நான் கித்தேரியானுக்குச் சொல்லிக்கொடுத்தது. பதினோரு வருஷமாக அவன் தோள் எனக்குத் தெரியும், இடது தோளில் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அண்ணே, எண்ணெய் இறக்கணும், வாறியளா என்றான். இந்தா, கதை முடியட்டும், வாறேன் என்றேன். அவன் சிரித்தான், எந்தக் கதைண்ணே, மணப்பாடா, அது முடியுமா இன்னைக்கு என்றான், லாரிக்காரர்களும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் நின்றான். வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். பிறகு வாசலில் இல்லை. நான் பார்த்தேன், அவன் இல்லை என்பதைப் பார்த்தேன், ஆனால் லாரி பாலத்தில் குறுக்கே கிடந்தது, இரண்டு முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் கண் எரிந்தது தேனிக்காரனுக்கு. அண்ணாச்சி, என்னமோ கண்ணு எரியுதே என்றான் அவன், பீடியைப் பற்றவைக்காதவன். அறுபது கிலோமீட்டர் மூக்குக்கு இருபது அடியில் ஒன்றும் தெரியவில்லை.

ஓடினேன். ஓடினதைச் சொல்லவேண்டும், ஈரச் சாக்கை மூஞ்சியில் சுற்றிக்கொண்டு உள்ளே போனது நான்தான், பெரிய வால்வை மூடினது நான்தான், அவனை இழுத்துவந்து நல்லதண்ணித் தொட்டியில் தலையை முக்கி முக்கித் தண்ணீர் ஊற்றினது நான்தான், ஊரில் அதைச் சொல்லித்தான் எனக்குச் சால்வை போட்டார்கள், பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் வந்து, ஏன் தனியாப் போனார், உங்ககிட்டச் சொன்னாரா என்று கேட்டபோது, சொல்லல சார், சொல்லாமப் போயிட்டான் என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்னதிலேயே சின்னக் கதை அதுதான், விலாங்கு இல்லை, வாழைத்தார் இல்லை, அதனால்தானோ என்னவோ ஒருத்தரும் சந்தேகப்படவில்லை. லாரிக்காரர்கள் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கண்ணோடு கித்தேரியானிடமும் கேட்டார்கள், நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாபகம் இல்ல சார் என்றான். ஞாபகம் இல்லாமலா. அவன் வீட்டுக்கு மாசம் ஒரு தடவை போவேன், கதவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், நான் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே முகத்தைத் திருப்பிவிடுவான், வாங்கண்ணே என்பான், கொஞ்ச நேரம் மீன் விலை, மழை, அவன் மகள் படிப்பு, பிறகு எப்போதும் அதே குரலில், ஏண்ணே, அன்னைக்கு அந்தக் கதை முடிஞ்சுதா என்பான். குத்தலா, விளையாட்டா, உண்மையாகவே கேட்க ஆசையா, பதினேழு வருஷம் அந்த முகத்தைப் பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை, கண் இருந்தால் கண்டுபிடித்திருப்பேன். இன்னொரு நாள் சொல்றேன்டே என்பேன். கனடாவுக்குப் புறப்படுகிற அன்றைக்கும் கேட்டான். திரும்பி வந்து சொல்றேன் என்றேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் இராயப்பன்தான் போனில் சொன்னான், நம்ம கித்தேரியான் போயிட்டாம்ணே, தூக்கத்துலயே. அப்போது நான் பாத்ரூமில் நின்றுகொண்டிருந்தேன். சரிடே என்றேன். அன்றைக்குத்தான் ஏரிக் கதையைச் சொன்னேன், அதே போனில், அதே மூச்சில்.

யாரோ தோளைத் தொட்டார்கள், நான் பயந்துபோனேன். சிவப்புத் தாடி, கழுத்தில் அடையாள அட்டை, நான்தான் டேரில், மைதானத்தின் பொறுப்பாளன், சீக்கிரமே வந்துவிட்டீர்கள் போல என்றான். பஸ் என்றேன். பக்கத்தில் சின்ன அறை, மேஜை, கண்ணாடிச் சுவர் வழியாக ஐஸ் தெரிந்தது. நல்ல மனுஷன், குரலில் அவசரம் இல்லை. சீட்டைப் பார்த்தான், தலையாட்டினான், முப்பத்தொரு வருஷமா என்று புருவத்தைத் தூக்கினான், உங்கள் மெஷினில் மூணாவது சிலிண்டர் வால்வு தட்டுகிறது என்றேன், சிரித்துவிட்டான், அதைத்தான் மெஷின் பார்க்கிற லோரியும் ஒரு வாரமாகச் சொல்கிறாள் என்றான். அந்தச் சிரிப்பில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது, சத்தியமாக, பாதிக்கு மேல் கிடைத்துவிட்டது. பிறகு ஒரு தாளை எடுத்தான், அதில் அச்சடித்த கேள்விகள், இதையெல்லாம் கேட்கவேண்டும் என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு முதல் இரண்டு கேட்டான், சொன்னேன். மூன்றாவது அது. வேலையில் நீங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லுங்கள். லாக் புத்தகம் என்று ஆரம்பித்தேன். ஒரு நாள் ஒரு மணி நேரத்தை லாக் புத்தகத்தில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று அவன் கேட்டான், சும்மா, அக்கறையாகத்தான் கேட்டான், ஜெனிட்டா எழுதிக் கொடுத்த நாலு வரியில் அந்தக் கேள்வி இல்லை. ஏன் என்றால், என்றேன். ஏன் என்றால் நான் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வாய் அப்படியே போய்விட்டது, நான் தடுக்கவில்லை, தடுக்கத் தெரியாது. மணப்பாடு, மூக்கு, பாலம், தேனிக்காரர்கள், டேரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான், துறைமுகத்தில் கப்பல்காரர்களிடம் பொறுக்கின என் இங்கிலீஷ் அவனுக்குப் புரிந்தது, வாழைத்தார் லாரிக்குச் சிரித்தான், அவன் முகத்திலும் அதே வெளிச்சம், பீடியைப் பற்றவைக்க மறந்தவன் முகம். அப்போது என்னோடு வேலை செய்தவன் வாசலில் வந்து நின்றான் என்றேன். வாசலில் ஒரு ஆள் நின்றது. நரைத்த தலை, தடித்த உடம்பு, நீலச் சட்டை, ஐம்பத்தைந்து வயசு இருக்கும் அந்த அம்மாளுக்கு, கையில் ஒரு வாளி. டேரில், நான் எண்ணெய் இறக்கப் போகிறேன், வருகிறாயா என்றாள். டேரில் என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான். இரண்டு நிமிஷம் லோரி, இவர் கதை முடியட்டும், வருகிறேன் என்றான். சரி, நான் போய் ஆரம்பிக்கிறேன் என்று அவள் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. நீங்க போங்க என்றேன். டேரிலுக்குப் புரியவில்லை, பரவாயில்லை, உட்காருங்கள், அவள் இருபது வருஷமாகச் செய்கிறாள் என்றான். அவனும் பதினோரு வருஷம் செஞ்சான் என்றேன். கதை எங்கயும் போகாது சார், நீங்க போங்க. என் குரல் எனக்கே கேட்டது, கெஞ்சுகிறேனா அதட்டுகிறேனா தெரியவில்லை, வேலை கேட்டு வந்த ஏழாவது இடத்தில் முதலாளியை எழுந்து போ என்று சொல்லுகிற கூறுகெட்ட வேலை இது. அவங்க தோள்ல ஒரு கை வைங்க, மெஷின் சத்தத்துல கூப்பிட்டாக் கேக்காது என்றேன். தோளில் கை வைத்தால் லோரி எனக்குக் கை இல்லாமல் செய்துவிடுவாள் என்று அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், ஆனால் எழுந்தான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தான், அவள் பின்னாலேயே போனான். கதவு மூடிக்கொண்டது. நான் மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை ஸ்வெட்டர் கிழவர் பெஞ்சில் உட்கார்ந்து காலணியை அவிழ்க்கிறார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், கம்ப்ரஸரின் நடுக்கம் வருகிறது, துருத்தின எலும்பு இல்லை, வெறும் சுவர், இருந்தாலும் எடுக்கவில்லை. கதை எங்கே நிற்கிறது, அவன் வாசலில் வந்து நின்றான், அங்கே. இனி இரண்டு வழி. டேரில் திரும்பி வந்து உட்காருவான், நான் சொல்லவேண்டியது, அவன் தனியாகப் போய்விட்டான், நான் ஓடினேன், வால்வை மூடினேன், இழுத்து வந்தேன். அதில் பொய்யே இல்லை. நடுவில் இரண்டு வார்த்தையை விட்டால் போதும், எல்லாம் உண்மை, சால்வை மறுபடியும் என் தோளில். ஆனால் லாக் எழுதாதது மட்டும்தான் என் தப்பு என்று ஆகிவிடும். ஜெனிட்டா கேட்ட மாதிரி சின்னத் தப்பு. வேலை கிடைத்துவிடும். நாளைக்கு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பேன், அந்த அம்மாள் குனிவாள், நான் பின்னால் நிற்பேன். பச்சை விளக்கைப் பார்த்தேன். பச்சையாகவே இருந்தது. பத்து நிமிஷம். பன்னிரண்டு. மூக்கு ஒன்றும் சொல்லவில்லை, அது எப்போதும் ஒன்றும் சொன்னதில்லை.

டேரில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான், விரலில் எண்ணெய் இருந்தது. முடிந்தது, லோரி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள், எங்கே விட்டீர்கள் என்றான். அவன் கூப்பிட்டான் என்றேன். வாயில் ஏதோ வந்து நின்றது, வாழைத்தாரா, விலாங்கா, பத்தொன்பது வருஷமாக என் கூடவே வந்த ஏதோ ஒன்று, ஏற்றிக்கொள் என்று கை காட்டிக்கொண்டு. ஏற்றவில்லை. அவன் கூப்பிட்டான், நான் போகவில்லை. ஓடினது பிறகுதான். விசாரணையில் அவன் கூப்பிடவில்லை என்று சொன்னேன். அவனுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது, இப்போது அவனும் போய்விட்டான். இங்கிலீஷில் எனக்கு அவ்வளவுதான் சொல்ல வந்தது, தமிழிலும் அதற்கு மேல் இல்லை. டேரில் தாளைப் பார்த்தான், அதில் அடுத்த கேள்வி அச்சடித்திருந்தது, கேட்காமல் இருக்கலாம் என்று நினைத்திருப்பான், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மெதுவாக வாசித்தான். அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுமில்ல சார் என்றேன். அவன் எழுதவில்லை. எழுந்து கைகொடுத்தான், எண்ணெய் என் கையிலும் ஒட்டியது, வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடுகிறோம் என்றான். ஆறு இடத்திலும் அதே வெள்ளிக்கிழமைதான்.

பஸ் வர இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம். நிறுத்தத்தில் ஒரு ஜீவன் இல்லை, ரோட்டோரத்தில் யாரும் செய்யாத ஐஸ் குவிந்து கிடக்கிறது, மண்ணும் உப்பும் கலந்து. கையை முகர்ந்து பார்த்தேன், எண்ணெய், அதற்கு அடியில் ஒரு துளி அமோனியா, ஊசிமுனை அளவு, கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெனிட்டா கூப்பிட்டுக் கேட்பாள், எதைச் சொன்னியப்பா என்று, சொல்லத்தான் வேண்டும், அவளிடமும், மெற்றில்டாவிடமும், இராயப்பனிடமும், சொல்லச் சொல்ல ஒவ்வொரு முகமாக விழும். இப்போது போன் அடிக்கவில்லை. யாரும் கூப்பிடவில்லை, எனக்கு எங்கேயும் போகவேண்டியதில்லை, அதனால் கித்தேரியானுக்குச் சொன்னேன், வாயைத் திறந்து, சத்தமாகவே, புகை புகையாக வந்தது. ஆத்தூர் பாலத்துல பஸ்ஸை விட்டு இறங்கிட்டேன்டே. லாரி குறுக்க கிடக்கு, வாழைத்தார் எல்லாம் ஆத்துல மிதக்கு, நான் அதுமேல கால வச்சு, தாருக்குத் தார் தாவி அக்கரைக்குப் போயிட்டேன். அங்கேருந்து ஓட்டம். முக்காணி, பழையகாயல், உப்பளம், கால்ல செருப்பு இல்ல, மூக்குல ரத்தம் வருது, ஊரே மயங்கிக் கிடக்கும்னு நினைச்சுக்கிட்டு வாசலுக்கு வந்து பார்க்கேன், ஒண்ணுமே இல்ல. மெஷின் ஓடுது. வால்வு மூடியிருக்கு. நீ உள்ளேருந்து வாற, கையைத் துடைச்சிக்கிட்டு, என்னை மேலேயும் கீழேயும் பார்க்க, அந்த ரெண்டு கண்ணாலயும் நல்லாப் பார்த்துட்டு, ஏண்ணே, பந்தியிலேருந்து பாதியிலயே வந்துட்டியளா, பிரியாணி எப்படின்னு கேட்க.